இந்தத் தெருவில் இரண்டு பேர்

இன்று காலையில் எதிர்வீட்டு ஜவுளிக்கடை அண்ணாச்சி வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூடியைத் தூக்கியதும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா, தலை சுத்துதா?" என்று சோதனைக்கு வந்திருந்த ஆபீசர் கேட்டார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். ஒன்றுமில்லை ஐயா, நீங்க பாருங்க என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள். நான் இன்று ஒரு சோதனைக்குச் சாட்சியாக நின்றேன். முடிந்ததும், முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வேகமாக வந்தேன். நடையில் ஏறிய பிறகுதான் சொல்ல ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன். என் எழுத்து உங்களுக்குத் தெரியும், மூன்றாம் வகுப்பு எழுத்து. மேலே கீழே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசம் எந்த நாளுடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த நாளைப் பற்றி என்னை வாய் திறக்கவிடவில்லை நீங்கள். "முடிஞ்சதை எதுக்குக் கிண்டுத?" என்று எழுந்து போய்விடுவீர்கள். இனிமேல் எழுந்து எங்கே போவீர்கள்?

சாரல் நன்றாகப் பிடித்த நாள் அது. நீங்கள் முதல் பஸ்ஸில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தீர்கள். எண்ணெய்க் கிண்ணத்தை நான்தான் துடைத்துக் கொடுத்தேன். அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் வாசலில் ஜீப் நிற்கிறது. இன்ஸ்பெக்டர், ஏட்டு, போலீஸ்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே குடைக்குள் நின்றார்கள்.

"சேர்மன் இருக்காரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இப்ப சேர்மன் இல்ல" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பதவியை விட்டு நீங்கள் இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வாய்க்கு அது பழகிப் போயிருந்தது போல. பிறகு, "அவுக அருவிக்குப் போயிருக்காக. வந்த பொறவு வாங்க" என்றேன்.

"வீட்டைச் சோதனை போடணும்மா."

"ஆம்பிளை இல்லாத வீட்டுல என்னத்தைச் சோதனை போடப் போறீய? அவுக வரட்டும்."

அவர் மல்லுக்கு நிற்கவில்லை. ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். சட்டம் தெரிந்தவர் வீடு என்று அவருக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்று உங்களுக்கு முன்பே காதில் விழுந்திருந்தது. ஆபீஸ் முத்திரையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டீர்களாம். அதை வைத்துப் பழைய தேதி போட்டு, வேண்டியவர்களுக்கு வீட்டுமனைச் சீட்டுக் கொடுக்கிறீர்களாம். யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். கடைசி நாளன்று அந்த முத்திரையை மேசைமேல், மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்ததை அன்றைக்கே சோறு சாப்பிடும்போது என்னிடம் சொன்னீர்கள். "அது ஒரு மரக்கட்டை. அதை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று சிரித்தீர்கள்.

தலையில் ஈரத் துண்டோடு வந்து சேர்ந்தீர்கள். இன்ஸ்பெக்டர் கொடுத்த தாளை, மழைக்கு இறவாணத்தடியில் ஒதுங்கி நின்று படித்தீர்கள். உங்கள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பிள்ளையின் முகம்.

"மாஜிஸ்திரேட் கையெழுத்து இருக்கு. சரி. ஆனா இந்த ஒரு வீடுதான் போட்டிருக்கு. குற்றாலத்து வீட்டுக்குப் போகப்படாது. அங்கன சீசனுக்கு வந்த குடும்பம் தங்கியிருக்கு."

"போகல சார்."

"பொம்பளைங்க புழங்குத அறைன்னா அவங்க வெளிய வர நேரம் குடுக்கணும்."

"குடுப்போம்."

"உள்ள வாரவங்க எல்லாரும் சட்டைப்பை, மடி எல்லாத்தையும் சாட்சி முன்னால உதறிக் காட்டிட்டு வரணும். என்ன எடுத்தாலும் அதை எழுதி, அதுல சாட்சி கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒரு நகல் தரணும்."

"தருவோம்."

கேட்டதற்கெல்லாம் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அரசாங்கமே ஆனாலும் ஒருவன் வீட்டு வாசலில் இத்தனை கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஏற வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உங்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"சாட்சி யாரு?" என்று கேட்டீர்கள்.

குடைக்குள் நின்ற இருவரையும் அவர் காட்டினார்.

"எந்த ஊருப்பா நீ?"

"பாவூர்சத்திரம்" என்றான் ஒருவன். கையில் டீக்கிளாஸ் இருந்தது. மற்றவன் குடையைப் பிடித்திருந்தான்.

"பாவூர்சத்திரத்துக்காரனுக்கு என் வீட்டுல என்ன சோலி? அக்கம்பக்கத்துல மதிப்பான ஆளு ரெண்டு பேருன்னுதானே சட்டம் சொல்லுது? இந்தத் தெருவுல இல்லாத மனுஷனா? கூப்பிடச் சொல்லும் வே."

இன்ஸ்பெக்டர் ஏட்டுப் பக்கம் திரும்பி, "ஏட்டையா, தெருவுல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னீர்கள். "பாரேன். கதவைத் தட்டுததுக்கு முன்னாலயே வந்து நிப்பானுவ."

அந்தத் தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தது நீங்கள். லைட் போட்டது நீங்கள். ஜவுளிக்கடை அண்ணாச்சியின் மைத்துனருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நீங்கள். பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு உள்ளூரிலேயே மாற்றல் வாங்கித் தந்தது நீங்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை, நீங்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நின்ற விதத்திலேயே தெரிந்தது.

ஏட்டு முதலில் எதிர்வீட்டைத் தட்டினார். திரும்பி வந்து சத்தமாகவே சொன்னார்: "அண்ணாச்சி கடைக்குப் போயிட்டாராம்."

அவருடைய செருப்பு படியில் கிடந்தது. நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன்.

"வாத்தியாருக்குக் கண்ணு சரியாத் தெரியலையாம்."

முந்தின நாள் சாயங்காலம்தான் நம் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துவிட்டுப் போனார்.

"அந்த மாடி வீட்டுல காய்ச்சலாம்."

"அதுக்கு அடுத்த வீட்டுல ஆளே இல்ல. ஆனா ரேடியோ பாடுது" என்று சொல்லி ஏட்டு சிரித்துவிட்டார். போலீஸ்காரர்களும் சிரித்தார்கள்.

நீங்கள் வாசலை விட்டு நகரவில்லை. ஈர வேட்டியை மாற்ற உள்ளே போனால் அவர்கள் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தீர்கள். நான் மாற்று வேட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். துண்டு உங்கள் தலையிலேயே காய்ந்தது. ஒவ்வொரு வீடாக ஏட்டு திரும்பத் திரும்ப, நீங்கள் தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். சட்டம் கேட்கிற அந்த இரண்டு பேரை நீங்கள்தான் கேட்டு வாங்கினீர்கள். கேட்காமல் இருந்திருந்தால், இந்தத் தெருவில் அப்படி யாரும் இல்லை என்பது தெரியாமலேயே போயிருக்கும்.

அப்போதுதான் பேச்சி வந்தாள்.

தெருவின் வால் பக்கம், வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தாளே, கருப்பட்டி விற்கிற பேச்சி. தலையில் ஓலைக் கடவத்தோடு வியாபாரத்துக்குக் கிளம்பியவள், ஜீப்பைப் பார்த்து நின்றுவிட்டாள். கடவத்தை இறக்கி நம் வாசலோரம் வைத்தாள்.

"என்ன ஏட்டையா, வீடு வீடாப் போறீய? மாப்பிள்ளை பாக்கவா?"

"சாட்சிக்கு ஆள் தேடுதோம். நீ போ."

"நான் வாரேன்."

ஏட்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நீ இந்தத் தெருவா?" என்று கேட்டார்.

"தெருவு முடியுத எடத்துல எங்க வீடு. ஓட்டுக் கேட்க வரும்போது அது தெருவுக்குள்ளதான் இருந்துச்சு. இப்பவும் அங்கனதான் கெடக்கு."

பேச்சியை அதற்கு முன்னால் ஒரு நாள் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்கும் இருந்திருக்கும். நீங்கள் பதவியில் இருந்தபோது, அவள் சாராயம் காய்ச்சுகிறாள் என்று மதுவிலக்குப் போலீஸ் அவள் குடிசைக்குள் புகுந்தது. கருப்பட்டி ஊறுகிற வாசம் யாருக்கோ சாராய வாசமாகப் பட்டுவிட்டது. அவள் நம் வாசலுக்கு ஓடிவந்தாள். "சேர்மன் ஐயா, ஒரு தாளுகூடக் காட்டாம உள்ள பூந்துட்டாவ. பானையெல்லாம் உடைக்காவ. வந்து ஒரே ஒரு வார்த்தை கேளுங்க" என்று கும்பிட்டாள்.

நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஒண்ணுமில்லாமயா போலீஸ் வருவான்?" என்றீர்கள்.

அங்கே ஒன்றும் அகப்படவில்லை. உடைத்த பானைகளிலிருந்து பாகு தெருவில் ஓடி, அதைத் தேடி எறும்பு சாரை சாரையாக வந்தது. நம் நடைவரைக்கும் வந்தது. நான் மஞ்சள் பொடியைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நம் வீட்டுச் சோதனையன்று இன்ஸ்பெக்டரிடம் நீங்கள் கேட்ட தாள், சாட்சி, மடி உதறுவது, நகல் எல்லாம் அவளுடைய குடிசைக்கும் உண்டுதானே? இதை உங்களிடம் கேட்க வேண்டும் என்று பல நாள் நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. தெரியாத சட்டமா உங்களுக்கு? தெரியும். வேறு வீட்டுக்கு அது வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றவில்லை.

அப்படிப்பட்டவள் உங்களுக்குச் சாட்சியாக வந்து நிற்கிறாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"சேர்மன் ஐயா, நீங்க நல்லவுகன்னு சொல்ல நான் வரல. அது எனக்குத் தெரியாது. இவுக கையில என்ன கொண்டு போறாவ, என்ன கொண்டு வாராவன்னு பாக்கத்தான் வாரேன். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்." கடைசி வார்த்தையை வாத்தியார் வீட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

நான் உங்கள் பின்னாலிருந்து, "வரட்டுமேங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் உங்களிடம் கேட்டார். அவர் கேட்டதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு ஆளு வந்துட்டாங்க சார். இந்தம்மாவையும் இந்த ரெண்டு பேர்ல ஒருத்தரையும் வச்சிக்கிடுவோம். உங்களுக்குச் சம்மதமா?"

தெரு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவுதான் சாத்தியிருந்தது, ஜன்னல் சாத்தவில்லை.

"மதிப்பான ஆளுன்னுதான் சட்டத்துல இருக்கு" என்றீர்கள் நீங்கள். "இவ வேண்டாம். என் நடையில இவ ஏறப்படாது."

நான் பேச்சியின் முகத்தைப் பார்த்தேன். பானையை உடைத்த அன்றுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. குனிந்து கடவத்தைத் தூக்கினாள். தூக்கிவிட ஆள் இல்லாமல் ஒரு கையை முழங்காலில் ஊன்றி, தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கூவிப் போகிற குரல் மட்டும் தெருமுனைவரை கேட்டது. "கருப்பட்டீய்ய்."

"அப்போ நாங்க கொண்டுவந்த ஆளை வச்சே ஆரம்பிக்கோம். வேற வழியில்ல. நீங்களே பார்த்தீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நீங்கள் வழி விட்டீர்கள். போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதுவரை கோட்டை வாசல் மாதிரி நின்ற மனுஷன், தெரு கைவிட்டதும் சட்டத்தையும் கைவிட்டுவிட்டீர்கள். யார் சட்டைப் பையை யார் பார்த்தார்கள்? போலீஸ்காரர் ஒருவர் பைக்குள் விரலை விட்டு எடுத்தார், அவ்வளவுதான். பாவூர்சத்திரத்துக்காரன் மேலே மச்சுக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னை அறையிலிருந்து வெளியே வரச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், நேரம் கொடுத்தார்கள். குற்றாலத்து வீட்டுக்கும் போகவில்லை. நகலும் தந்தார்கள். தங்களுக்குக் கஷ்டமில்லாத சட்டம் எதையும் அவர்கள் மீறவில்லை.

உள்ளே என் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். பாச்சை உருண்டை வாசம் பட்டாசல் கூடம் வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரத்தில், "சார், இங்க இருக்கு" என்று குரல் கேட்டது.

முத்திரை என் கூறைப் புடவைக்குள் இருந்ததாம். நான் மடித்து வைத்த புடவை. அதற்கு முந்தின வாரம்தான் வெயிலில் காயப்போட்டு, உதறி, புதிதாக உருண்டை போட்டு, என் கையால் திரும்ப அடுக்கினேன். "அது என் பெட்டி. நான் அடுக்குன பெட்டி. அதுல அப்படி ஒண்ணுமே கெடையாது" என்று கத்தினேன்.

"நீங்க பேசாதீங்கம்மா" என்றார் ஏட்டு.

பாவூர்சத்திரத்துக்காரன் கையெழுத்துப் போட்டான். மற்றவன் பெருவிரலை வைத்தான். வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்தபோது நீங்கள் என்னைக் கேட்டீர்கள். "நீ ஏதும் எடுத்து வச்சியா ஏட்டி?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லப் போவதில்லை. கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும்.

கோர்ட்டில் நம் வக்கீல் நன்றாகத்தான் பேசினார். தெருவில் உள்ளவர்களைச் சாட்சியாக வைக்காத சோதனை சட்டப்படி சோதனையே இல்லை என்றார். சர்க்கார் வக்கீல் ஏட்டைக் கூண்டில் ஏற்றினார். வீடு வீடாகப் போனதை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரே ஒரு பெண் வந்தாள், அவளை வேண்டாம் என்றவர் இவர்தான் என்றார். அப்படிச் சொன்னது உண்மையா என்று உங்களைக் கேட்டபோது, ஆமாம் என்றீர்கள். பொய் சொல்ல மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது.

கடைசியில் விடுதலைதான். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுகிறோம் என்று எழுதியிருப்பதாக வக்கீல் வாசித்துச் சொன்னார். அவர் ஜெயித்த மாதிரி கை கொடுத்தார். நீங்கள், "சந்தேகம் போகலன்னு அர்த்தம்" என்றீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடந்தபோது ஒரு வீட்டு உள்ளிருந்து பேச்சு கேட்டது. யார் என்று எழுத மாட்டேன். "என்ன இருந்தாலும் ஒண்ணுமில்லாமயா போலீஸ் வரும்?" நீங்கள் ஒரு நிமிஷம் நின்றீர்கள். அந்த வார்த்தை யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு சீசனில் குற்றாலம் போவதை விட்டுவிட்டீர்கள். கூட்டத்தில் யாராவது பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் தாங்க முடியாது என்று எனக்குச் சொல்லாமலே தெரிந்தது. பங்குனி வெயிலில், ஒரு ஈ காக்கை இல்லாதபோது, அருவிக்குப் போவோம் வா என்று என்னைக் கூட்டிப் போனீர்கள். கடையெல்லாம் பலகை போட்டு மூடிக் கிடந்தது. பாறையில் நூல் மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றீர்கள். உச்சந்தலை நனைந்தது, தோள் நனையவில்லை. நான் அந்த நூலைச் செம்பில் பிடித்துப் பிடித்து உங்கள் முதுகில் ஊற்றினேன். குரங்குகூட நம்மை வேடிக்கை பார்க்க வரவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். உங்களை நினைத்தால் எனக்கு மாலையும் கழுத்துமாக மேடையில் நின்றது வருவதில்லை. வற்றின அருவியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதுதான் வருகிறது.

நீங்கள் போன அன்று தெருவே வந்தது. அன்று யாருக்கும் காய்ச்சல் இல்லை. வாத்தியாருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, பாடைக்கு எந்தப் பக்கம் மூங்கில் வளைந்திருக்கிறது என்று அவர்தான் சொன்னார். ஜவுளிக்கடை அண்ணாச்சி கோடித் துணி கொண்டுவந்து போட்டார். "இந்தத் தெருவுக்கே சாமி மாதிரி இருந்தாக" என்று அழுதார். அழுததைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்குத்தான் அன்று கண்ணீர் வரவில்லை. பேச்சி தெருவின் கடைசியில், வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் போனாளாம். எனக்குப் பிற்பாடு சொன்னார்கள்.

இப்போது இன்றைக்கு வருகிறேன்.

அதே அண்ணாச்சி வீட்டில், கணக்கில் காட்டாத தங்கம் இருக்கிறது என்று தகவல் போய், வெளியூரிலிருந்து ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். அந்தச் சின்ன வயசு ஆபீசர் இறங்கியதுமே, "தெருவிலிருந்து இரண்டு பேர் சாட்சிக்கு வேண்டும்" என்றார். அண்ணாச்சி தானே கிளம்பி வீடு வீடாகத் தட்டினார். நான் என் ஜன்னலில் நின்று பார்த்தேன். எந்தக் கதவும் திறக்கவில்லை. வாத்தியார் வீட்டுக் கதவும்தான். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

கடைசியாக நம் வாசலுக்கு வந்தார். வேர்த்துக் கொட்டியது. "ஆச்சி" என்றார்.

"அண்ணாச்சி கடைக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன் ஆச்சி" என்றார்.

"தெரியும். செருப்பு வெளிய கெடந்துச்சு" என்றேன். "நான் வாரேன். ஆனா ரெண்டு பேரு வேணும்லா? பேச்சியைக் கூட்டிட்டு வாங்க. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

அவர் போனார். கரை வேட்டி கட்டின அண்ணாச்சி வாய்க்கால் சகதியில் இறங்கி நடந்து போவதை ஜன்னல்களெல்லாம் பார்த்தன. பேச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தாள். முடி எல்லாம் நரைத்துவிட்டது அவளுக்கு.

ஆபீசர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அக்கம்பக்கத்தில் மதிப்பான ஆளுகளா இருக்கணும். உங்களுக்குச் சம்மதம்தானா?" என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

"ரொம்ப மதிப்பான ஆளுங்க ஐயா" என்றார் அண்ணாச்சி. "அவங்களை விட்டா இந்தத் தெருவுல ஆளில்ல."

பேச்சி அவர்களை லேசில் உள்ளே விடவில்லை. ஆபீசர் தானாகவே பையை உதறிக் காட்டினார். கூட வந்த போலீஸ்காரர் சும்மா தாண்டப் பார்த்தார். "ஐயா, அந்தத் தொப்பியைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். தூக்கினார். "ஐயோ, முடியும் இல்ல" என்றாள். ஆபீசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அப்புறம் அறை அறையாக அவர்கள் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்கு அந்த வாசம் வந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பேச்சி நகரவில்லை. ஒவ்வொரு சேலையாக எடுத்து உதறியதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதி வாசித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பேச்சி கைநாட்டு வைத்தாள்.

வெளியே வரும்போது அண்ணாச்சி கும்பிட்டார். "தங்கம் இல்லன்னு நீங்கதான் தாயீ சொல்லிட்டிய."

"தங்கம் இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பேச்சி. "அவுக மடியில இல்ல. அதான் எனக்குத் தெரியும்."

அன்று அவள் உங்களுக்குச் செய்ய வந்ததும் இவ்வளவுதான். நீங்கள் நல்லவர் என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. தெருவும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து பக்கத்தில் நிற்க ஒரு ஆள் போதும். நீங்கள் அதை மரியாதை என்று நினைத்துவிட்டீர்கள். யார் கையால் மாலை வாங்குவது என்று பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டீர்கள்.

திரும்பி வரும்போது நம் வாசலில் நின்றோம். "உள்ள வா பேச்சி. உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்றேன்.

அவள் நடைக்குக் கீழே நின்றாள். "வேண்டாம் ஆச்சி. அவுக சம்மதிக்கலியே."

"அவுகதான் போயிட்டாகளே."

"போனவுக வந்து மாத்திச் சொல்லவா போறாக? அது அங்கனயே கெடக்கட்டும்." கோபமாகச் சொல்லவில்லை. கருப்பட்டி விலை சொல்லுகிற மாதிரி சொன்னாள். "தாகமா இருக்கு. தண்ணி மட்டும் குடுங்க."

செம்பை நீட்டினேன். வாங்கவில்லை. நடைக்குக் கீழே குனிந்து கையைக் குவித்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, ஊற்றினேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கையிலிருந்து சிந்தின தண்ணீர் படியில் இன்னும் காயவில்லை. பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வேட்டி சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன். கூறைப் புடவையைத் திரும்ப மடிக்கவே இல்லை, கொடியில்தான் தொங்குகிறது. நீங்கள் விட்டுப்போனதில் யாருக்கும் கொடுக்க முடியாமல் என்னிடம் இருப்பது அன்று அந்த வாசலில் சொன்ன வார்த்தை. காலையில் அதன்மேல்தான் தண்ணீர் தெளிக்கிறேன், கோலம் போடுகிறேன், அதைத் தாண்டித்தான் தெருவுக்கு இறங்குகிறேன். இனி இந்தத் தெருவில் யார் வீட்டுக்குச் சாட்சி கேட்டாலும் போவேன். பேச்சியும் வருவாள், தண்ணீர் ஊற்றும்போதே கேட்டுவிட்டேன். எல்லார் வீட்டுக்கும் வருவாளாம், நம் வீட்டுக்கு மட்டும் வர மாட்டாளாம்.